முதல் முறை கப்பல் சுற்றுலா போகிறீர்களா? சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு எங்கள் வீட்டில் வெளியூர்ப் பேச்சே நின்றுபோயிருந்தது. தினம் ஒரு ஊர், தினம் ஒரு ஓட்டல், காலையில் பெட்டியைக் கட்டு, இரவில் அவிழ் என்றால் அவரால் முடியாது. அப்போதுதான் கப்பலில் போகலாமா என்ற யோசனை வந்தது. பெட்டியை ஒரே முறை அவிழ்த்தால் போதும். இரவு தூங்கி எழுந்தால் அடுத்த ஊர் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். இறங்க மனமிருந்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கலாம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் 4 இரவுப் பயணம் ஒன்றில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துப் போனோம். அதிலிருந்து சொந்தத்தில் யார் கப்பல் என்று பேச்செடுத்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கூட்டத்தில் யாருடைய நடை மெதுவோ, அவரை வைத்துத் திட்டம் போடுங்கள். தாத்தாவாக இருக்கலாம், 2 வயதுக் குழந்தையாக இருக்கலாம். அவருக்குச் சரியாக வரும் கப்பலும் கேபினும் நேரமும் மற்ற எல்லோருக்கும் சரியாகவே வரும்.

முதல் படி: எந்தக் கப்பல், எத்தனை இரவு

தமிழ்நாட்டிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்குச் சிங்கப்பூர் வசதியான தொடக்கம். சென்னை, திருச்சி, கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து கப்பல் முனையம் அரை மணி நேர டாக்ஸி தூரம். ஆண்டு முழுவதும் அங்கே கப்பல் உண்டு. ஸ்டார்டிரீம் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்ட்) நிறுவனத்தின் கெந்திங் டிரீம் போன்ற கப்பல்கள் 2 இரவிலிருந்து 5 இரவு வரையிலான பயணங்களை ஓட்டுகின்றன. ராயல் கரீபியன் நிறுவனத்தின் பெரிய கப்பல்கள் சீசன் மாதங்களில் வந்து தங்கிப் போகும். கெந்திங் டிரீமின் நீளம் 335 மீட்டர். இவ்வளவு பெரிய கப்பலில் லிஃப்டிலிருந்து கேபினுக்கு நடப்பதே ஒரு தெருக்கோடி தூரம் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேபின் தேர்வில் இது உதவும்.

முதல் பயணத்துக்கு 3 அல்லது 4 இரவு சரியான அளவு என்பது என் கருத்து. 2 இரவு என்றால் கப்பலில் எது எங்கே இருக்கிறது என்று பழகும்போதே இறங்கச் சொல்லிவிடுவார்கள். 7 இரவு முதல் தடவைக்கு வேண்டாம். கடல் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்த பிறகு அதற்குப் போகலாம்.

விசா, விமானம் எதுவும் வேண்டாம், ருசி மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் வழி இருக்கிறது. 2022 ஜூனில் கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. நடுக்கடல் வரை போய்த் திரும்பும் சிறு பயணங்களும், இலங்கைத் துறைமுகங்களுக்குப் போகும் பயணங்களும் அதில் இருந்தன. ஆண்டு முழுவதும் சென்னையில் நிற்பதில்லை, சில மாதங்கள்தான். எந்த மாதம் என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

மாதத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலத்தால் அணைக்கப்பட்ட கடல், அதனால் சிங்கப்பூர் முதல் பினாங்கு வரை பெரும்பாலும் அலை குறைவு. புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும். சென்னையிலிருந்து கிளம்புவதானால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் எப்படியிருக்கும் என்று நமக்கே தெரியும். விலை கூடும் காலமும் உண்டு. மே கடைசியில் தொடங்கி ஜூன் வரை சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை, அப்புறம் டிசம்பர், சீனப் புத்தாண்டு. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் போவதானால் மே மாதத் தொடக்கத்திலேயே போய்வந்துவிடுங்கள். கூட்டமும் குறைவு, கட்டணமும் இறங்கியிருக்கும்.

இரண்டாம் படி: விளம்பர விலையை நம்பாமல் கணக்குப் போடுவது

விளம்பரத்தில் தெரியும் தொகை ஒருவருக்கானது. அதுவும் ஒரு கேபினில் இருவர் தங்கினால். தனியாகப் போனால் இன்னொருவரின் பங்கையும் சேர்த்து நீங்களே கட்ட வேண்டியிருக்கும், சில சமயம் கிட்டத்தட்ட முழுதாகவே. அதே கேபினில் 3வது, 4வது ஆளாகப் படுப்பவருக்குக் கட்டணம் குறையும். இதற்கு மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. சிலர் இதைச் சேர்த்துக் காட்டுவார்கள், சிலர் கடைசிப் பக்கத்தில்தான் காட்டுவார்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது டிப்ஸ். இதை நாமாகப் பார்த்துக் கொடுப்பதில்லை. பல கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறிவிடும். குழந்தைக்கும் சேர்த்துத்தான். ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்தால் 4 பேருக்கு 4 இரவுக்கு 288 டாலர். இது தெரியாமல் போய்க் கடைசி நாள் பில்லைப் பார்த்து முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பதிவின்போதே கட்டும் வசதி இருந்தால் கட்டிவிடுங்கள், மனம் நிம்மதியாக இருக்கும். கேபின் துடைக்கிறவரும் சாப்பாடு பரிமாறுகிறவரும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைப்பவர்கள். அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லிக் கவுன்டரில் நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டணத்துக்குள் வருபவை: கேபின், பொது உணவகம், பஃபே, நீச்சல் குளம், நாடக அரங்கு, உடற்பயிற்சிக் கூடம், பெரும்பாலான விளையாட்டுகள். தண்ணீர், டீ, காபி பஃபேயில் கிடைக்கும். வராதவை: மது, குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், ஸ்பா, வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் டூர். கப்பலில் எதற்கும் ரொக்கம் வாங்குவதில்லை. கேபின் அட்டையை நீட்டினால் கணக்கில் ஏறிவிடும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள்.

கணக்குத் தொடங்கக் கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். செலவே செய்யாவிட்டாலும் அது உங்கள் கைக்குத் திரும்ப நாளாகும். சிங்கப்பூரில் இறங்கிய பிறகு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் சிக்கல்தான்.

இந்தியாவில் ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயரில் வரவாகும். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, வரித் தாக்கலின்போது காட்டுங்கள்.

மூன்றாம் படி: கேபின்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுவேன், நீங்களும் செலவிடுங்கள். உள் கேபினுக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நடு இரவா நடுப் பகலா என்று தெரியாது. விலை குறைவு, நன்றாகத் தூக்கம் வரும். கடல் பார்த்த கேபினில் திறக்க முடியாத ஜன்னல் இருக்கும். பால்கனி கேபினில் இரண்டு நாற்காலி போட்ட சிறு முற்றம்.

இளைஞர்கள் என்றால் உள் கேபினே போதும், நாள் முழுக்க வெளியேதான் திரிவார்கள். வயதானவர்களோடு போனால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது பால்கனி எடுங்கள் என்பேன். என் அப்பா அந்த 4 நாளில் பாதியை அந்த நாற்காலியில்தான் கழித்தார். விடியற்காலையில் மீன்பிடிப் படகுகளின் விளக்கை எண்ணிக்கொண்டிருந்தவரை உள்ளே அழைக்க மனம் வரவில்லை. கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் கால் வலிக்கிறவர்களுக்கும் அந்தச் சிறு இடம்தான் கப்பல். ஆனால் சிறு குழந்தை இருக்கும் வீட்டார் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் போட்டு வைக்கவே கூடாது.

இடம் எப்படிப் பார்ப்பது? கப்பலின் டெக் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்வதற்கும் நுனியில் உட்கார்வதற்கும் உள்ள வேறுபாடுதான். லிஃப்டுக்கு அருகே, ஆனால் அதற்கு நேர் எதிரே இல்லாமல் பாருங்கள். உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே படுத்தால் அதிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் மண்டைக்குள் கேட்கும். அரங்கத்துக்கோ நடனக் கூடத்துக்கோ மேலே என்றால் நள்ளிரவு வரை தாளம். மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளம்தான் நல்லது.

கேபின் எண்ணை நாங்களே தருவோம் என்று குறைந்த விலையில் விற்பார்கள். எங்கே தள்ளினாலும் சரி என்பவர்களுக்கு அது லாபம். பெரியவர்களோடு போகிறவர்கள் எண்ணைத் தேர்ந்தெடுத்தே வாங்குங்கள். நான்கு பேர் கேபினில் இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். அதில் பெரியவர்களைப் படுக்க வைக்க முடியாது. 2 கேபினாக எடுத்து இடையில் கதவு இருப்பதாகக் கேட்டால் கிடைக்கும்.

சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. கர்ப்பிணிகளைப் பயணத்தின் எந்தக் கட்டத்திலும் 24 வாரத்தைத் தொடுவதாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். டாக்டர் சான்றிதழ் இருந்தாலும் துறைமுகத்தில் கெஞ்சிப் பயனில்லை.

நான்காம் படி: பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. அது பல முறை நுழையும் விசாவா என்று கட்டாயம் பாருங்கள். விமானத்தில் வந்து இறங்குவது ஒரு நுழைவு, கப்பலிலிருந்து திரும்பி இறங்குவது இன்னொரு நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு போய் நின்றால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை போய்வரும் சலுகை வந்தது. தாய்லாந்து விதிகள் சில ஆண்டுகளாக அடிக்கடி மாறியிருக்கின்றன. எனவே கடந்த வருடம் போனவர் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன்பும், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதும், அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தையும் கப்பல் நிறுவனத்தின் ஆவணப் பட்டியலையும் இரண்டு முறை பாருங்கள். நான் அந்த ஊரில் இறங்கப் போவதில்லை, எனக்கு விசா எதற்கு என்ற வாதம் எடுபடாது. கப்பல் தொடும் எல்லா நாட்டுக்கும் ஆவணம் சரியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வருகிற நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்பலாம், முழுக்க இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசின் தளம் இல்லை, மூடிவிடுங்கள். கப்பலிலிருந்து திரும்பி வரும்போதும் இதே அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். இதைக் கடைசி இரவில் நினைவில் வைத்திருக்கிறவர்கள் குறைவு.

பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். கப்பலில் டாக்டர் உண்டு, சிறு மருத்துவமனையே உண்டு. ஆனால் ஒரு காய்ச்சலுக்குப் போனாலும் டாலரில்தான் பில். நிலைமை மோசமானால் வழியிலுள்ள துறைமுகத்தில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அந்தச் செலவு குடும்பத்தையே சாய்த்துவிடும். பாலிசி வாங்கும்போது கப்பல் பயணம் இதில் அடங்குமா, பழைய நோய்களுக்கு உண்டா என்று இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கும் பெற்றோருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஐந்தாம் படி: ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்

கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. விமானம் 5 மணி நேரம் தாமதமானால் அடுத்த விமானத்தில் போகலாம், கப்பலுக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. பணமும் திரும்பாது. அதனால் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே சிங்கப்பூர் போய் ஓர் இரவு தங்குங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. கைக்கடிகாரத்தை மாற்ற மறந்தால் அதுவே போதும் கப்பலை விட. லிட்டில் இந்தியாவில் அறை எடுத்தால் காலை இட்லிக்கும் கவலையில்லை.

எந்த முனையம் என்று டிக்கெட்டில் பாருங்கள். சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு. ஒன்று மரினா பே குரூஸ் சென்டர், 2012-ல் திறந்தது, பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான். அருகிலுள்ள ரயில் நிலையம் மரினா சவுத் பியர், சிவப்பு வழித்தடத்தின் கடைசி நிறுத்தம். இன்னொன்று ஹார்பர்ஃப்ரன்டில் விவோசிட்டி மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். டாக்ஸியில் ஏறி மரினா பே என்று மட்டும் சொன்னால் மரினா பே சாண்ட்ஸ் ஓட்டல் வாசலில் இறக்கிவிடும் வாய்ப்பும் உண்டு. முழுப் பெயரையும் சொல்லுங்கள். பெட்டியும் பெரியவர்களும் இருந்தால் ரயிலை விட்டுவிட்டு டாக்ஸி எடுங்கள்.

ஆறாம் படி: பெட்டியில் என்ன, எதை வைக்கக் கூடாது

பெரிய பெட்டியை முனையத்தில் வாங்கிக்கொள்வார்கள். கேபின் வாசலுக்கு அது வந்து சேர மாலையோ இரவோ ஆகும். ஆகவே தோள்பையில் பாஸ்போர்ட், மாத்திரைகள் மொத்தமும், ஒரு மாற்றுத் துணி, பிள்ளைகளின் நீச்சலுடை எல்லாம் இருக்கட்டும். ஏறிய உடனே குளத்துக்குப் போகலாம், அந்த நேரத்தில்தான் குளம் காலியாக இருக்கும். பருத்திச் சட்டையோடு குளத்தில் இறங்க விட மாட்டார்கள், நைலான் வகை நீச்சலுடை வேண்டும். டயபர் போட்ட குழந்தையைப் பெரிய குளத்தில் இறக்கவும் அனுமதி கிடையாது.

கப்பலில் எல்லோரும் அஞ்சுவது நெருப்புக்குத்தான். அதனால் இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், பயண ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவத்தி எல்லாவற்றுக்கும் தடை. நம் வீட்டார் கவனிக்க வேண்டியது ஊதுபத்தியும் கற்பூரமும். காலையில் சாமிக்கு ஏற்றிப் பழகியவர்கள் சிறு படம் ஒன்றை வைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம், எதையும் கொளுத்த முடியாது. வேப் எனப்படும் மின்சிகரெட் சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சூயிங்கமும் வேண்டாம்.

வீட்டில் செய்த சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்கு, ஊறுகாய்ப் பொட்டலம், பருப்புப் பொடி பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் போய்விடும். கேபின் சுவர்கள் இரும்பு. நாலைந்து காந்தக் கொக்கிகள் கொண்டு போனால் ஈரத் துணி, பை, தொப்பி எல்லாம் மாட்டலாம். அந்தச் சின்ன அறையில் அது பெரிய உதவி. பிளக் அடாப்டர் ஒன்று, பெரியவர்களுக்குச் சால்வை அல்லது ஸ்வெட்டர் ஒன்று. உள்ளே குளிர்சாதனம் எப்போதும் பலமாகவே ஓடும்.

ஒருநாள் இரவு எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் விருந்து இருக்கும். அதற்காகக் கோட்டு தைக்க வேண்டாம். பட்டுப் புடவையும் நல்ல சட்டை பேன்ட்டும் தாராளம். அன்றைக்கு அம்மாவின் காஞ்சிபுரம் புடவையைப் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து விசாரித்தார்கள்.

கழிப்பறை பற்றித் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். பல கப்பல்களில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம் மட்டும்தான். ஒரு சிறு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குளியலறை வாசலில் உயரமான படி இருக்கும். இரவில் பெரியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். முதல் வேலையாக அதைக் காட்டிக் கொடுங்கள், அந்த விளக்கு இரவு முழுக்க எரியட்டும்.

ஏழாம் படி: ஏறும் நாள்

செக்-இன்னை வீட்டிலேயே இணையத்தில் முடித்து, ஏறும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். முதல் நேரங்களில் ஒன்றை எடுத்தால் மதியச் சாப்பாடு கப்பலில். சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்துக்கொள்ளும். படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் அவசரகால ஒத்திகை நடக்கும். இப்போது பல கப்பல்களில் போனிலோ டிவியிலோ ஒரு படம் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. தயவுசெய்து இதைச் சடங்காக எடுக்காதீர்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று மாற்றினார்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அதுதான் அபாயச் சங்கு. கேபினிலிருந்து கூடுமிடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படி வழியாக எப்படிப் போவது என்று ஒரு முறை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். அம்மாவுக்கு எத்தனை படி ஏற முடியும் என்று எங்களுக்குத் தெரிந்ததும் அப்போதுதான்.

துறைமுகத்தை விட்டு நகர்ந்ததும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல் கோபுரம் செயற்கைக்கோள் வழியாக உங்கள் போனைப் பிடித்துக்கொள்ளும். மலேசியாவுக்கு வாங்கிய ரோமிங் பேக் அங்கே செல்லாது, பில் ஆயிரக்கணக்கில் வரும். கப்பலின் செயலி வைஃபை வாங்காமலே உள்ளே வேலை செய்யும். சாப்பாட்டு நேரம், நிகழ்ச்சி எல்லாம் அதில் பார்க்கலாம்.

எட்டாம் படி: சாப்பாடும் தலைச்சுற்றலும்

சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. பஃபேயில் சோறு, பருப்பு, ஒரு கறி எப்போதும் இருக்கும். சுத்த சைவம், ஜைன உணவு, அலர்ஜி எதுவானாலும் பல வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஏறிய பின் உணவக மேலாளரை ஒரு முறை நேரில் பாருங்கள். அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே கேட்டுச் செய்து தருவார்கள். காய்கறி என்று எழுதியிருக்கும் பொரியலிலும் சிப்பிச் சாறோ மீன் சாறோ சேர்ந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள்.

பஃபே வாசலில் கை கழுவும் இடம் இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.

தலைச்சுற்றலுக்கு மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். எது என்று ஊரிலேயே உங்கள் டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சில மாத்திரைகள் அதிகத் தூக்கம் தரும். இஞ்சி மரப்பா கொஞ்சம் கையில் இருக்கட்டும். சுற்றுகிறது என்றால் படுத்துக்கொண்டு போன் பார்க்காதீர்கள். நடுத் தளத்தில் வெளியே போய் அடிவானத்தைப் பார்த்து நில்லுங்கள்.

ஒன்பதாம் படி: கரையில் இறங்கும் நாள்

துறைமுகத்தின் பெயரைப் பார்த்து ஊர் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கோலாலம்பூர் என்று எழுதியிருந்தால் கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில், நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம். பத்துமலை முருகனைப் பார்க்க ஆசைப்பட்டால் 272 படி ஏறும் நேரத்தையும் போக்குவரத்து நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த மாதிரி தூரமான இடத்துக்குக் கப்பலின் சொந்த டூரில் போவது நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலை இருந்தால் படகு ஆடும், சக்கர நாற்காலியை ஏற்ற மறுக்கலாம், காற்று பலமாக இருந்தால் இறங்குவதையே ரத்து செய்வார்கள். நாங்கள் அம்மாவைக் கப்பலிலேயே விட்டுவிட்டு மாறி மாறிப் போனோம். அவர் அதை இழப்பாக நினைக்கவில்லை. கப்பல் காலியாக இருக்கும் பகல்தான் அவருக்குப் பிடித்த பகல்.

பினாங்கு அப்படியில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நேராக ஜார்ஜ் டவுன் ஓரத்திலேயே வந்து நிற்கும். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரம் அது. வாசலைத் தாண்டி மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் லிட்டில் இந்தியா. பூக்கட்டுகிறவர், தமிழ்ப் பாட்டு, வாழை இலைச் சாப்பாடு. குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. சற்றுத் தள்ளி 1801-ல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொகிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தோளில் காவடிபோல் தூக்குகோலில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தந்ததுதான் நாசி கண்டார். அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதைச் சாப்பிடாமல் கப்பல் ஏறாதீர்கள். இந்த ஊருக்கு டூர் எதுவும் வாங்க வேண்டாம். கொஞ்சம் ரிங்கிட், டாக்ஸி பிடிக்கக் கிராப் செயலி, ஒரு குடை இருந்தால் போதும். பினாங்கு மலை ரயில் ஊரின் மறுகோடியில். வரிசையும் நீளம், மாலை இறங்கும் பயணங்களில் அதை விட்டுவிடுவேன்.

திரும்பி ஏறும் கடைசி நேரம் கப்பல் வாசலில் எழுதியிருக்கும். அது கப்பல் நேரமா உள்ளூர் நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி உங்களைக் கரையில் நிறுத்திவிடும். கையில் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்வது என் வழக்கம். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் 8 பயணிகள் தாமதமாக வந்து, கப்பல் கண்ணெதிரே போக, நாடு நாடாகத் துரத்தவேண்டி வந்தது. ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். கப்பலில் எடுத்த பழம், சாண்ட்விச் எதையும் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் பிடிப்பார்கள்.

பத்தாம் படி: இறங்குவது

கடைசி இரவு கேபின் கணக்கை ஒரு முறை திறந்து வரி வரியாகப் பாருங்கள். குடிக்காத பானம் ஏறியிருந்தால் அப்போதே கவுன்டரில் சொன்னால் நீக்குவார்கள், வீட்டுக்கு வந்த பிறகு பெரும் பாடு. பெரிய பெட்டியில் அட்டை கட்டி, சொன்ன நேரத்துக்குள் கேபின் வாசலில் வையுங்கள். காலையில் போடும் துணியையும் மாத்திரையையும் அதில் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவர் இரவு உடையோடு இறங்குவார். பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு போக முடிந்தால் முதலில் இறங்கலாம்.

சிங்கப்பூர் வருகை அட்டையை அந்த இரவே குடும்பத்தில் எல்லோருக்கும் நிரப்புங்கள். கப்பலில் வாங்கிய மதுவுக்கும் விதி உண்டு. மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிச் சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு யாருக்குமே கிடையாது. கையில் இருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள்.

கப்பல் காலையில் வந்துவிட்டாலும் குடியேற்ற வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. ஊருக்குத் திரும்பும் விமானத்தை மதியம் 2 மணிக்குப் பிறகு வையுங்கள், இரவு விமானம் கிடைத்தால் இன்னும் நல்லது. பெட்டியைச் சாங்கி விமான நிலையத்தின் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு, ஜுவல் கட்டடத்தின் உள் அருவிக்கு எதிரே பெரியவர்களை உட்கார வைத்துவிடலாம். அங்கே நாற்காலிகளுக்கும் குறைவில்லை, கழிப்பறைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.